மூன்றாம் மாடியும் முழங்கால் நோவும்

கேள்வி: எனக்கு 62 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் கணவருடன் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களும் நோகின்றன. வலதுகால் மோசம். உயரம் 5 அடி 1 அங்குலம், நிறை 78 கிலோ. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மெட்போர்மினும், லொசார்டனும், ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க் குளிசையும் எடுக்கிறேன். எக்ஸ்ரேயைப் பார்த்தவர் எலும்போடு எலும்பு உரசுகிறது, இனி சத்திரசிகிச்சை செய்து மூட்டை மாற்றுவதுதான் வழி என்றார். நடந்தால் இன்னும் தேயும் என்று வீட்டில் பயப்படுவதால் ஆறு மாதமாகக் கோயிலுக்கும் போவதில்லை. நோ கூடிய நாட்களில் ஃபார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடுகிறேன். கனடாவில் இருக்கும் மகன் குளுக்கோசமைன் அனுப்புகிறான். நான் சுத்த சைவம். ஊசி போட்டால் சரிவருமா? தைலம் பூசலாமா? சத்திரசிகிச்சை செய்தால் பழையபடி சம்மணமிட்டு உட்காரலாமா?
வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, ஃபார்மசி டைக்குளோபெனாக், அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் நோவால் உயிர் போவதில்லை. இந்தக் குளிசையால் உங்களைப் போன்ற ஒருவருக்குச் சிறுநீரகம் போகலாம்.

காரணம் உங்கள் மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் குருதி நுழையும் வழியை டைக்குளோபெனாக் சுருக்கும். வெளியேறும் வழியை உங்கள் பிரஷர் குளிசையான லொசார்டன் தளர்த்தும். நீர்க் குளிசை உடம்பிலுள்ள நீரையே குறைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இறங்கிவிடும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பு வற்றியிருக்கும் நாளில் இது சட்டென்று நிகழும். நீரிழிவு ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். இதே குளிசை பிரஷரை ஏற்றும், இரைப்பையில் புண்ணையும் உண்டாக்கும். வயிற்றெரிவு எதுவும் இல்லாமல் மலம் கறுப்பாகப் போவதே முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு. கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காய்ச்சலோடு உடம்பு உளைந்தால் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் டைக்குளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் தொடக்கூடாது, குருதிப்போக்கு ஏற்படலாம்.

ஆகவே இன்றோடு அதை நிறுத்துங்கள். பிரஷர் குளிசைகளை நிறுத்த வேண்டாம், அவை தேவையானவை. இந்த வாரமே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினினும் பொட்டாசியமும் பார்க்கும் குருதிப் பரிசோதனையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையையும் செய்து, உங்கள் கிளினிக் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறு காகித உறையில் பெயரெழுதாமல் மூன்று வேளைக்குப் போட்டுத் தரும் கலவைக் குளிசைகளையும், நாட்டு மருந்து என்று கைமாறி வரும் பெயரில்லாத தூள்களையும் வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டெரொய்ட் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாளில் நோ பறந்துபோகும், கூடவே சீனி 300ஐத் தாண்டவும் கூடும்.

அப்படியானால் நோவுக்கு என்ன செய்வது? அதே டைக்குளோபெனாக் ஜெல்லாகக் கிடைக்கிறது. முழங்கால் தோலுக்கு அண்மையில் இருக்கும் மூட்டு என்பதால் பூசும் மருந்து நன்றாகவே போய்ச் சேரும். குருதியில் கலப்பது குளிசையோடு ஒப்பிட்டால் சொற்பம். சிறுநீரகப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு, வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலானோர் பட்டாணி அளவு எடுத்து ஒரு தடவை தடவிவிட்டு, இது வேலை செய்யாது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். முழங்காலின் முன்புறம், இரு பக்கங்கள் முழுவதும் படும்படி, பெட்டியிலுள்ள துண்டுத்தாளில் சொல்லும் அளவு, நாளைக்கு மூன்று நான்கு தடவை, குறைந்தது இரண்டு வாரம் பூச வேண்டும். பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கக்கூடாது. பனடோல் பெரிய உதவி செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போகும் நாளிலோ தூக்கம் வராத இரவிலோ இரண்டு குளிசை போடுவதில் தவறில்லை. 500 மில்லிகிராம் குளிசையில் நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் பனடோலில் உள்ள அதே பரசிட்டமோல் இருக்கும், அதையும் அந்த எட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த எக்ஸ்ரே. எலும்போடு எலும்பு உரசுகிறது என்ற வாக்கியத்தைக் கேட்டபிறகு யாருக்குத்தான் கால் வைக்க மனம் வரும்? படத்தில் இடைவெளி குறைந்திருக்கலாம், ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கலாம், அவை பொய்யல்ல. ஆனால் படத்தில் தெரிவதும் ஆள் உணரும் நோவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. படத்தில் படுமோசமாக இருந்தும் நோவின்றி நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் ஏறக்குறைய நன்றாக இருந்தும் படியிறங்க அழுகிறவர்களும் இருக்கிறார்கள். நோ வருவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பிலிருந்து அல்ல, அதில் நரம்பே இல்லை. மூட்டைச் சுற்றிய உறையின் அழற்சி, அடியிலுள்ள எலும்பு, வலுவிழந்த தொடைத் தசை, தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்ந்துதான் நோவைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பலவற்றை மாற்ற முடியும். எக்ஸ்ரேயை மாற்ற முடியாது. படத்தைப் பார்த்து முழங்காலை மாற்றுவதென்றால் கொழும்பில் பாதிப் பேருக்கு மாற்ற வேண்டிவரும்.

நடந்தால் தேயும் என்று உங்கள் வீட்டார் பயப்படுவது அன்பினால்தான், ஆனால் அது உங்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது. குருத்தெலும்புக்குக் குருதிக்குழாய் கிடையாது. ஸ்பொஞ்சை அமுக்கிவிடும்போது அது நீரை உறிஞ்சுவதுபோல, நடக்கும்போது அமுங்கி விரிந்துதான் அது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஆறு மாதம் உட்கார்ந்திருந்ததில் ஊட்டம் குறைந்தது, தொடைத் தசை மெலிந்தது, நிறையும் கூடியிருக்கும். தசை தாங்க வேண்டிய பாரத்தை மூட்டு தாங்குகிறது. அதனால் நோ கூடுகிறது, நோ கூடுவதால் மேலும் உட்காருகிறீர்கள்.

தசையைத் திரும்பப் பெறும் வேலையைச் சாப்பாட்டு மேசைக் கதிரையிலேயே தொடங்கலாம். கைபிடியில்லாத, உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன்மேல் ஒரு தலையணை. முன்விளிம்புக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மேசையை இலேசாகத் தொட்டபடி எழுந்திருங்கள். எழுவது எல்லோருக்கும் வரும். உட்காரும்போதுதான் பெரும்பாலானோர் தொப்பென்று விழுகிறார்கள். மூன்று எண்ணும் நேரமெடுத்து மெல்ல இறங்குங்கள், தசைக்கு வேலை கிடைப்பது அந்த இறக்கத்தில்தான். முதல் வாரம் ஐந்து தடவை, காலையும் மாலையும். இலேசாக வந்தால் பத்து, பிறகு தலையணையை எடுத்துவிடுங்கள். அதே கதிரையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, தொடை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்தபடி ஐந்து விநாடி பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து. மூச்சைப் பிடிக்க வேண்டாம், பிரஷர்க்காரர்களுக்கு அது நல்லதல்ல. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். நாடகத்தில் விளம்பரம் போகும் நேரமே போதும்.

நோகுமே என்பீர்கள். நோகும். பத்துக்கு மூன்று நான்கு என்று மதிப்பிடக்கூடிய நோவுடன் செய்வதால் மூட்டு கெடாது. அடுத்த நாள் காலை வழக்கத்தைவிட நோ கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரிடம் முதலில் சில தடவை போய்ச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அரச வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. கிளினிக் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள்.

நடைக்கு மரைன் டிரைவ் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம், சமதரையில். வாரத்துக்கு இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டி, ஒரு தடவைக்கு அரை மணி நேரத்தை எட்டினால் போதும். கடற்கரை மணலில் இறங்க வேண்டாம், கால் புதைந்து முழங்கால் முறுகும். தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே போக மெத்தென்ற அடியுள்ள, குதியைப் பிடித்துக்கொள்ளும் சப்பாத்து ஒன்று வாங்குங்கள். சேலைக்குச் சப்பாத்தா என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஊன்றுகோல் வலது கால் நோவுக்கு இடது கையில் பிடிக்க வேண்டியது. ஏறக்குறைய எல்லோரும் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். கைப்பிடி உங்கள் மணிக்கட்டு உயரத்தில் வர வேண்டும். குடையை ஊன்றி நடக்கும் கொழும்பு வழக்கத்தை விட்டுவிடுங்கள், ஈரத் தரையில் அதன் கூர்நுனி வழுக்கும்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது நோகும் காலை முதலில் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேருங்கள். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குங்கள். காலி வீதியில் ஓடும் 100, 101 ஆம் இலக்க பஸ்களின் முதற்படி உயரமானது, அங்கேயும் இதே விதிதான். பொருட்களைத் தூக்கிக்கொண்டு ஏறும் வேலையை மட்டும் கணவரிடமோ கடைப் பையனிடமோ விடுங்கள். உங்கள் படிகளை நான் முழுக்கப் பகையாகப் பார்க்கவில்லை. தசை திரும்பி வரும்போது அவையே பயிற்சியாகும்.

முழங்காலை உண்மையில் நசுக்குவது ஆழமாக மடக்கி உட்காருவதுதான். துருவலையில் குந்தித் தேங்காய் துருவுவது, தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து மரக்கறி வெட்டுவது, குந்தும் மலசலகூடம் ஆகிய மூன்றையும் மாற்றுங்கள். மேசையில் பூட்டும் துருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். மலசலகூடம் உயரமானதாகவும் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பியோடும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி, சைவம் என்பதைத் தவிர, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஊகிப்பது கடினமல்ல. காலையில் இடியப்பமும் சொதியும், பத்து மணிக்குப் பால்தேநீர், மதியம் சோறு, மாலையில் வடையோ ரோல்ஸோ, இரவில் பிட்டு. ஒரு நாளில் மூன்று வேளையும் மாச்சத்துத்தான். நீங்கள் சைவம் என்பதால் புரதம் இன்னும் குறைவு. புரதமில்லாமல் தசை வராது, நான் மேலே சொன்ன கதிரைப் பயிற்சியும் வீண்.

கணக்கு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உடல் நிறை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. நீங்கள் நான்கு கிலோ குறைத்தால் அடிக்குப் பதினாறு கிலோ. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 55 வயதைக் கடந்த பருமனானவர்கள் 18 மாதம் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தார்கள். நிறை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நோவும் ஏறக்குறையப் பாதியானது. நோவுக்குப் போடும் எந்தக் குளிசையும் இப்படிச் செய்வதில்லை.

பட்டினி கிடக்க வேண்டாம். தட்டில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விடுங்கள். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பாகற்காய் எதுவானாலும் சரி. கால்வாசி சிவப்பரிசிச் சோறு. மிச்சக் கால்வாசியில் கட்டிப் பருப்பு, கடலை, பயறு, சோயா. இரவுப் பிட்டைக் குரக்கனில் அவித்து அளவைப் பாதியாக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பயறு. தேநீரில் சீனியை நிறுத்துவதுதான் முதல் வாரத்தில் மிகவும் கடினம். இரண்டாம் வாரம் நாக்கு பழகிவிடும். மெட்போர்மின் மட்டும் எடுப்பதால் சீனி திடீரென இறங்கும் பயம் உங்களுக்குக் குறைவு. இன்சுலினோ கிளிக்கிளசைடோ எடுக்கும் வாசகர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு தொடங்கவும். மாதத்துக்கு ஒரு கிலோ போதும். விசேட நாளில் பாயாசம் சாப்பிட்டுவிட்டால் அதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்.

குருத்தெலும்புக்கு நல்லதென்று விற்கப்படும் குளுக்கோசமைனை மகன் அனுப்புகிறாரே, அதற்கு வருவோம். 2006இல் அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெறும் குளிசையைவிடச் சொல்லும்படியாக மேலாக இருக்கவில்லை. இன்னொன்று. அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. கூடவே கொண்ட்ரொய்டின் சேர்ந்திருந்தால் அது மாட்டின் குருத்தெலும்பாகவும் இருக்கலாம். சுத்த சைவமான நீங்கள் இவ்வளவு நாளும் எதைச் சாப்பிட்டீர்கள் என்று மகனிடம் போத்தலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் அவர் உங்களுக்கு நல்ல சப்பாத்து வாங்கி அனுப்பலாம்.

தைலம் பூசுங்கள், தடையில்லை. சித்தாலேபவோ, நொச்சியிலை ஒத்தடமோ, பிண்டத் தைலமோ, தேய்த்துவிடும் கையின் சூடும் சேர்ந்து நோவை ஆற்றும். குருத்தெலும்பு அதனால் வளராது. ஜெல் பூசும் நேரமும் தைலம் பூசும் நேரமும் வேறாக இருக்கட்டும். நீரிழிவால் கால் மரத்திருந்தால் ஒத்தடத்தின் சூட்டைக் கணவரின் கையில் வைத்துப் பார்த்த பிறகே காலில் வையுங்கள்.

ஊசிகளில் ஸ்டெரொய்ட் ஊசிக்கு ஓர் இடமுண்டு. முழங்கால் வீங்கி, பயிற்சியே செய்ய முடியாதபடி நோகும்போது ஒன்று போட்டால் சில வாரங்கள் ஆறுதல் கிடைக்கும். அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் போட்டதில் அர்த்தமில்லை. போட்ட பிறகு சில நாட்களுக்குச் சீனி ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஆய்வில் நோ வித்தியாசப்படவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாக மெலிந்தது. உங்கள் குருதியையே எடுத்துப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை 2021இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பிறகு நோவில் வித்தியாசமில்லை. விலையில்தான் வித்தியாசம். கெமராவை விட்டு மூட்டைக் கழுவித் துப்புரவாக்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சிகிச்சையைச் செய்தவர்களையும், தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டவர்களையும் 2002இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரு பகுதியினரும் ஒன்றுபோலவே இருந்தார்கள்.

சில அறிகுறிகள் வந்தால் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதிப்பது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்குவது, விழுந்தபின் கால் ஊன்ற முடியாமற் போவது, முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் நிற்பது ஆகியவை அவை. காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை மூட்டுவாதம். சிக்குன்குன்யா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் மூட்டு நோகலாம், வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாகச் சத்திரசிகிச்சை. அது நல்ல சிகிச்சை. உரிய ஆளுக்கு உரிய நேரத்தில் செய்தால் வாழ்க்கையையே திருப்பித் தரும். பொருத்தும் மூட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகும் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். படுத்திருக்கும்போதும் நோகிறது, இரவில் எழுப்புகிறது, குளிக்கப் போவதே பெரும்பாடு, முறையான பயிற்சியும் நிறைக்குறைப்பும் ஆறு மாதம் செய்தும் மாற்றமில்லை என்றால் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போக வேண்டிய நேரம் அது. நீங்கள் இன்னும் அந்தப் பயிற்சியைத் தொடங்கவேயில்லை. அதைச் செய்வது எந்தவிதத்திலும் நட்டமில்லை. தொடைத் தசை வலுவாக இருக்கிறவர்களும், சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள், கிருமித்தொற்றும் அவர்களுக்குக் குறைவு. அரச வைத்தியசாலையில் செய்துகொள்வதானால் காத்திருக்க வேண்டிய காலத்தையும், கையிலிருந்து போகக்கூடிய செலவையும் கிளினிக்கிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடிக்கு எப்படி ஏறுவது என்ற கவலை வேண்டாம். வீட்டுக்கு அனுப்புமுன் இயன்மருத்துவர் படியேறக் கற்றுத்தருவார்.

சம்மணமிட்டு உட்காருவது மட்டும் பெரும்பாலும் கைகூடாது. மாற்றிய மூட்டு அந்த அளவுக்கு மடங்குவது அரிது, மடங்கினாலும் நிபுணர்கள் ஊக்குவிப்பதில்லை. தரையில் உட்காரத்தான் வேண்டும் என்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். கோயிலுக்கு இந்த வெள்ளிக்கிழமையே போகலாம். மண்டபத்தில் ஒரு கதிரை போட்டுத் தரச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.